துருத்தியும் சிக்கனமும்: ஜப்பானிய டர்போ வண்டிகளின் கதை

வேகத்தில் நாட்டம் இல்லாத மனிதர் அரியர். செலவுக்கு அஞ்சாத குடும்பத்தினரும் அரியர். இவ்விரண்டு உணர்ச்சிகளும் ஒரே மனத்தில் குடியிருக்கும்போது, இரண்டையும் நிறைவு செய்வதாக வாக்களிக்கும் பொருளுக்குச் சந்தையில் வரவேற்பு உண்டாவது இயல்பே. மோட்டார் உலகில் அத்தகைய வாக்குறுதியோடு வந்த கருவி ஒன்று உண்டு. அதற்கு டர்போசார்ஜர் என்று பெயர். சுருக்கமாக டர்போ என்பர். ஜப்பான் நாட்டில் அக்கருவி முதன்முதலில் பயணிகள் கார்களில் நுழைந்தது எரிபொருளை மிச்சப்படுத்தும் என்ற பெயரால். பின்னர் அது புகழ் பெற்றதோ, எரிபொருளைத் தாராளமாகக் குடிக்கும் விரைவு வண்டிகளின் உயிர்நாடி என்ற பெயரால். ஒரே கருவிக்கு இவ்விரு பெயர்களும் எவ்வாறு வாய்த்தன? இவற்றுள் எது உண்மை? நாள்தோறும் அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் அத்தகைய வண்டியில் செல்பவர் எதை எதிர்பார்க்கலாம்? இவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

நம் ஊர்க் கொல்லன் உலையைக் கண்டவர்க்கு இக்கருவியின் தத்துவம் எளிதில் விளங்கும். உலையில் கரி கனிந்து கொண்டிருக்கிறது. துருத்தியை இயக்கியவுடன் காற்றுப் பெருகுகிறது, செந்தீ வெண்தீயாகிறது, சற்று முன்பு வளையாத இரும்பு இப்போது வளைகிறது. மோட்டார் இயந்திரமும் ஓர் உலையே. ஒரு பங்கு எடையுள்ள பெட்ரோல் செவ்வனே எரிவதற்கு ஏறக்குறைய 14.7 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். சிறிய இயந்திரம் தன் உருளைகளுக்குள் இழுத்துக்கொள்ளும் காற்றுக்கு ஓர் எல்லை உண்டு. ஆதலின் அதன் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. துருத்தியைக் கொண்டு காற்றை உள்ளே அழுத்தித் தள்ளினால் அந்த எல்லையைக் கடக்கலாம்.

அந்தத் துருத்தியை இயக்குபவர் யார்? இங்கேதான் இக்கருவியின் நுட்பம் இருக்கிறது. பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகப் புகைக்குழாய் வழியே வீணே வெளியேறுகிறது. அப்புகை செல்லும் வழியில் சிறு சக்கரம் ஒன்றை வைத்தால் புகையின் விசையால் அது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். அதே அச்சின் மறுமுனையில் உள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து உருளைகளுக்குள் தள்ளும். வீணாகும் பொருளிலிருந்து பயன் பெறும் வித்தை இது. ஐம்பது பேருக்குச் சமைக்கும் அண்டாவில் நால்வருக்குச் சமைத்தால் விறகு வீணாவதுபோல, பெரிய இயந்திரம் மெல்ல ஓடும்போதும் தன் உறுப்புகளின் உராய்வுக்கே எரிபொருள் கேட்கும். சிறிய இயந்திரத்தை வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது மட்டும் துருத்தியை இயக்கினால் அந்த வீண் செலவு குறையும். இது சிக்கனத்தின் பக்கம்.

மறுபக்கத்தைக் கொல்லன் நன்கு அறிவான். துருத்தி வேகம் கொண்டால் கரிக்கூடை விரைவில் காலியாகும். காற்று மட்டும் மிகுந்தால் ஆற்றல் பிறப்பதில்லை. காற்றுக்கு ஏற்ப எரிபொருளும் மிகவேண்டும். இந்த இரண்டு பக்கங்களையும் நினைவிற் கொண்டால் இனி வரும் வரலாறு முழுவதும் தெளிவாக விளங்கும்.

இக்கருவியின் பிறப்பிடம் ஜப்பான் அன்று. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி என்பவர் 1905-ஆம் ஆண்டில் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். முதல் உலகப்போரின் இறுதியில், 1918-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் 14,000 அடிக்கு மேற்பட்ட பைக்ஸ் மலையுச்சிக்கு விமான இயந்திரம் ஒன்றைக் கொண்டு சென்று, காற்று மெலிந்த அவ்விடத்திலும் டர்போவின் துணையால் அது ஆற்றல் குன்றாமல் இயங்குவதை மெய்ப்பித்தனர். கப்பல்களின் டீசல் இயந்திரங்களில் இக்கருவி நிலைபெற்றது. மக்கள் வாங்கும் கார்களில் 1962-ஆம் ஆண்டில்தான் வந்தது. அவ்வாண்டு அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், செவ்ரோலே கார்வேர் என்னும் இரு வண்டிகள் டர்போவுடன் வெளிவந்தன. ஜெட்ஃபயரின் உருளைகளைக் குளிர்விக்க நீரும் மெதனாலும் கலந்த தனித் திரவம் ஊற்ற வேண்டியிருந்தது. உரிமையாளர் பலர் அதை ஊற்ற மறந்தனர். அவ்வண்டி ஈராண்டுகூட நிலைக்கவில்லை. நாள்தோறும் பயன்படும் பொருளில் மனிதனின் மறதிக்கும் இடம் வைத்தல் வேண்டும் என்பது அதிலிருந்து கிடைத்த பாடம்.

ஐரோப்பாவில் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 1973-ஆம் ஆண்டில் தன் 2002 டர்போவை வெளியிட்டது. அவ்வேளையிலேயே எண்ணெய் நெருக்கடி உலகைத் தாக்கியது. அவ்வண்டியில் 1,700-க்கும் குறைவானவையே உருவாயின. விரைவு வண்டியை வியந்து நோக்கிய மக்கள், சில வாரங்களிலேயே அதை வெறுப்புடன் நோக்கினர்.

அந்த நெருக்கடி ஜப்பானை எவ்வாறு உலுக்கியது என்பதை நாம் சற்று நின்று காணவேண்டும். தனக்கு வேண்டிய எண்ணெய் ஏறக்குறைய முழுவதையும் கடல் கடந்து வாங்கும் நாடு அது. 1973 அக்டோபருக்கும் 1974 ஜனவரிக்கும் இடையே கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. எண்ணெய்க்கும் காகிதத்துக்கும் என்ன தொடர்பு என்று ஆராயவும் பொழுதின்றி, ஒசாகா நகரின் புறத்தே பெண்கள் கழிவறைக் காகிதத்துக்காகக் கடைவாயில்களில் முண்டியடித்தனர். அந்த அச்சம் நாடெங்கும் பரவியது. அதைத் தொடர்ந்து 1978-ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு காரின் புகையில் வெளியேறும் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்குக் கிலோமீட்டருக்கு 0.25 கிராம் என்னும் கடுமையான வரம்பை விதித்தது. காற்று தூய்மை பெற்றது. ஆனால் இயந்திரங்கள் ஆற்றல் இழந்தன. 1979-ஆம் ஆண்டில் ஈரானில் நிகழ்ந்த புரட்சியால் எண்ணெய் விலை மீண்டும் ஏறியது. அவ்வாண்டிலேயே ஆற்றலைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதற்கான சட்டம் ஒன்றும் ஜப்பானில் இயற்றப்பட்டது.

இவற்றோடு வரியும் சேர்ந்தது. ஜப்பானில் இயந்திரத்தின் கொள்ளளவு 2,000 கன சென்டிமீட்டரைத் தாண்டினால் ஆண்டு வரி ஏறக்குறைய இருமடங்காக உயர்ந்தது. ஆகவே நடுத்தரக் குடும்பத்தார் அந்த எல்லைக்கோட்டைத் தாண்ட மனங்கொள்ளவில்லை. பெரிய இயந்திரம் வைக்க வரி தடை. சிறிய இயந்திரமோ புகைக் கட்டுப்பாட்டால் சோர்ந்திருந்தது. இந்த இடுக்கிலிருந்து வெளியேறும் வழியாகவே டர்போ தோன்றிற்று.

ஆனால் ஆற்றலைக் கூட்டும் கருவி என்று சொல்லி அதற்கு அனுமதி பெறுதல் எளிதாக இல்லை. போக்குவரத்து அமைச்சக அதிகாரிகள் வேகப் போட்டிக்கு இடங்கொடுக்கத் தயங்கினர். ஆதலின் நிசான் நிறுவனம் 1979-ஆம் ஆண்டின் இறுதியில் தன் முதல் டர்போவை விரைவு வண்டியில் பொருத்தவில்லை. செட்ரிக், குளோரியா என்னும் மதிப்புமிக்க குடும்ப வண்டிகளில் பொருத்தியது. புகையில் வீணாகும் ஆற்றலை மீட்டு, சிறிய இயந்திரத்தைக் கொண்டு பெரிய இயந்திரத்தின் வேலையைச் செய்விக்கும் சிக்கனக் கருவி என்று அதற்கு விளக்கம் கூறியது. அவ்விளக்கம் பொய்யன்று, முழு உண்மையும் அன்று. இரண்டு லிட்டர் கொண்ட அவ்வியந்திரம் 145 குதிரைத் திறன் தந்தது. மறு ஆண்டே அதே இயந்திரம் ஸ்கைலைன் வண்டியில் ஏறியது. சிக்கனம் என்னும் வாயில் வழியே வேகம் வீட்டினுள் நுழைந்துவிட்டது.

நுழைந்த பிறகு அது அமைதியாக இருக்கவில்லை. அக்கால அளவு முறைப்படி ஸ்கைலைனின் இரண்டு லிட்டர் டர்போ இயந்திரம் 1983-ஆம் ஆண்டில் 190 குதிரைத் திறனையும், 1984-ஆம் ஆண்டில் 205 குதிரைத் திறனையும் எட்டியது. மஸ்டா நிறுவனம் 1982-ஆம் ஆண்டில் தன் சுழல் இயந்திரத்திலும் டர்போவை இணைத்தது. 1989-ஆம் ஆண்டில் 280 குதிரைத் திறனுக்கு மேல் செல்வதில்லை என்று நிறுவனங்கள் தமக்குள் ஓர் எல்லை வகுத்துக்கொள்ளும் அளவுக்குப் போட்டி முற்றியது. அவ்வெல்லை 2004 வரை நீடித்தது. 1992-ஆம் ஆண்டில் சுபாரு இம்ப்ரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். 240 குதிரைத் திறனுடனும், மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 250 குதிரைத் திறனுடனும் வெளிவந்தன. இரண்டும் இரண்டே லிட்டர் இயந்திரங்கள்; இரண்டும் நான்கு கதவுகள் கொண்டவை. குழந்தைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அலுவலகம் செல்வதற்கும், காட்டுவழிப் பந்தயத்தில் ஓடுவதற்கும் ஒரே உடல்.

இந்த மோகம் சின்னஞ்சிறு வண்டிகளையும் விடவில்லை. இதற்கு நம் நாட்டார் அனைவரும் அறிந்த சான்று ஒன்று உண்டு. 1986 முதல் இந்தியச் சாலைகளில் ஓடிய இரண்டாம் உருவத்து மாருதி 800-ஐ மறந்தவர் யார்? தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் முதல் கார் அதுதான். 2014-ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றது. அதே உடலமைப்புடைய சுசுகி ஆல்டோவுக்கு 1987-ஆம் ஆண்டில் ஜப்பானில் டர்போ பொருத்தி, ஆல்டோ வொர்க்ஸ் என்று பெயரிட்டனர். நம் மாருதியில் 796 கன சென்டிமீட்டர் இயந்திரம் இருந்தது. அந்த ஆல்டோவில் 543 மட்டுமே. ஆயினும் அது 64 குதிரைத் திறன் தந்தது. நம்மவர் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிட்ட அதே உடலில் அங்கே இளைஞர் வேகத்தைக் கணக்கிட்டனர்.

சரி, அவ்வண்டிகளை நாள்தோறும் ஓட்டியவர்க்குச் சிக்கனம் கிட்டியதா? பொதுவாகக் கிட்டவில்லை. அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, அமுக்க விகிதம். உருளைக்குள் காற்றையும் பெட்ரோலையும் எவ்வளவு அமுக்கி எரிக்கிறோமோ அவ்வளவு மிகுதியாக எரிபொருளின் பயன் கிடைக்கும். ஆனால் டர்போ முன்னரே அமுக்கிச் சூடேற்றிய காற்றை மேலும் அமுக்கினால், பெட்ரோல் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து இயந்திரத்தைச் சிதைத்துவிடும். ஆதலின் அக்கால டர்போ இயந்திரங்களில் அமுக்க விகிதத்தைப் பெரும்பாலும் 8-க்கு 1, எட்டரைக்கு 1 என்னும் அளவுக்குக் குறைத்தனர். இதன் விளைவு யாது? துருத்தி வேலை செய்யாமல் நகர நெரிசலில் ஊர்ந்து செல்லும் பொழுதிலும், டர்போ இல்லாத வண்டியைவிடக் குறைந்த பயனையே எரிபொருளிலிருந்து பெறமுடிந்தது. என்றோ ஒருநாள் பெறும் வேகத்துக்காக நாள்தோறும் செலுத்தும் கப்பம் அது.

இரண்டாவது, பெட்ரோலையே குளிர்விக்கும் நீராகப் பயன்படுத்தியமை. விசையை முழுவதும் மிதிக்கும்போது டர்போச் சக்கரமும் உருளைகளும் அளவுக்கு மீறிச் சூடாகும். அச்சூட்டைத் தணிக்க, எரிவதற்கு வேண்டியதைவிட மிகுதியாகப் பெட்ரோலைத் தெளிப்பர். 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு என்பது அப்போது 11 அல்லது 12 பங்குக்கு ஒரு பங்கு ஆகிவிடும். அதாவது உள்ளே செல்லும் பெட்ரோலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு செவ்வனே எரிய வழியின்றிப் புகையோடு வெளியேறும்.

மூன்றாவது, பழக்கம். விரைந்து ஓடி நிறுத்திய வண்டியில் டர்போவின் அச்சைச் சூழ்ந்த எண்ணெய் சூட்டில் கரிந்துவிடும் என்ற அச்சத்தால், சாவியை எடுத்த பின்னும் ஓரிரு நிமிடம் இயந்திரத்தை ஓடவிடும் தனிக் கருவிகளை ஜப்பானிய உரிமையாளர் பலர் வாங்கிப் பொருத்தினர். வீட்டு வாயிலில் நின்றபடியே பெட்ரோல் எரிந்தது. அச்சைச் சுற்றி நீர் ஓடும் அமைப்பு வந்த பின்னர், மெதுவாக ஓட்டி வந்தவர்க்கு அதற்குத் தேவை இல்லாமற் போயிற்று. எனினும் பழக்கம் எளிதில் மறையவில்லை.

ஆயின் சிக்கனக் கருவி என்ற பெயர் எவ்வாறு நின்றது என்று கேட்கலாம். அதற்கு விடை அரசின் சோதனை முறையில் உள்ளது. அக்காலத்து '10 முறை' எனப்பட்ட சோதனையில் மிகுந்த வேகமே மணிக்கு 40 கிலோமீட்டர்தான். 1991-இல் வந்த '10.15 முறை'யிலும் அது 70 கிலோமீட்டரே. இயந்திரத்தைச் சூடாக்கிய பின்னரே அச்சோதனைகளைத் தொடங்குவர். அவற்றில் துருத்தி பெரும்பாலும் உறங்கியே கிடக்கும். ஆகவே தாளில் கண்ட கணக்கு ஒன்று. காலையில் குளிர்ந்த இயந்திரத்தை முடுக்கி, நெரிசலில் நின்று, வழி கிடைத்தவுடன் விசையை மிதித்த மனிதர் கண்ட கணக்கு வேறொன்று. தாளில் பொய் எழுதியவர் எவரும் இல்லை. தாளில் எழுதியபடி ஓட்டியவரும் இல்லை.

2000-ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த புதிய புகைக் கட்டுப்பாடு இப்போட்டிக்கு முற்றுப்புள்ளி வைத்தது. டொயோட்டா சுப்ரா, நிசான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர்., நிசான் சில்வியா, மஸ்டா ஆர்.எக்ஸ்.7 ஆகிய பெரும்பெயர்கள் 2002-ஆம் ஆண்டில் உற்பத்தியிலிருந்து மறைந்தன. சிக்கனத்தின் பொறுப்பை 1997-இல் பிறந்த டொயோட்டா பிரியஸ் போன்ற கலப்பு வண்டிகள் ஏற்றுக்கொண்டன. டர்போவின் கதை முடிந்தது என்றே பலர் கருதினர்.

முடியவில்லை. பெட்ரோலை உருளைக்கு வெளியே தெளிக்காமல் நேரே உருளைக்குள் பீய்ச்சும் முறை பரவியது. உள்ளே பீய்ச்சும் பெட்ரோல் ஆவியாகும்போதே காற்றைக் குளிரச் செய்கிறது. ஆதலின் அமுக்க விகிதத்தைக் குறைக்கவேண்டிய கட்டாயம் பெரிதும் தளர்ந்தது. இதன் பயனை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் கணக்கில் காணலாம். 2014-ஆம் ஆண்டுச் சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ்., 2.5 லிட்டர் இயந்திரத்தையும் 8.4-க்கு 1 என்னும் அமுக்க விகிதத்தையும் கொண்டது. லிட்டருக்கு ஏறக்குறைய 8.9 கிலோமீட்டர் சென்றது. 2015-இல் வந்த அதே பெயருடைய வண்டிக்கு இரண்டு லிட்டர் இயந்திரம், நேரே பீய்ச்சும் முறை, விகிதம் 10.6-க்கு 1. ஆற்றல் குறையவில்லை, சிறிது கூடிற்று. சென்ற தூரமோ லிட்டருக்கு 10.2 கிலோமீட்டர் ஆயிற்று. அதே ஆண்டில் பழைய முறை இயந்திரத்துடன் நீடித்த எஸ்.டி.ஐ. என்னும் உடன்பிறப்பு, மிகுந்த ஆற்றலோடு லிட்டருக்கு 8.1 கிலோமீட்டரே சென்றது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவர்க்கு இவ்விரு உடன்பிறப்புகளிடையே ஏறக்குறைய 25 லிட்டர் வேறுபாடு. இது குடும்பக் கணக்குப் புத்தகத்தில் தெரியும் வேறுபாடே.

முன்னேற்றம் எப்போதும் நேர்கோட்டில் செல்லும் என்று எண்ணிவிடலாகாது. 2022-ஆம் ஆண்டு டபிள்யூ.ஆர்.எக்ஸ்.-க்கு 2.4 லிட்டர் இயந்திரம் வைத்தனர். அது லிட்டருக்கு 9.4 கிலோமீட்டருக்கு இறங்கிற்று. மறுபுறம், 2020-இல் வெளிவந்த டொயோட்டா ஜி.ஆர். யாரிஸ், 1.6 லிட்டர் கொண்ட மூன்று உருளை இயந்திரத்திலிருந்து 272 குதிரைத் திறன் பெற்று, ஜப்பானில் இப்போதுள்ள சோதனை முறைப்படி லிட்டருக்கு 13.6 கிலோமீட்டர் சென்றது. 1979-இல் அமைச்சகத்துக்கு அளித்த வாக்குறுதி நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஓரளவு நிறைவேறியது எனலாம்.

இந்த வரலாறு நமக்குத் தொலைவானதன்று. 2006-ஆம் ஆண்டு இந்திய வரவுசெலவுத் திட்டத்தில், நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும் 1,200 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத பெட்ரோல் இயந்திரமும் கொண்ட சிறு கார்களின் உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தனர். அந்த எல்லைக்கோடு வெவ்வேறு வரிகளில் இன்றும் தொடர்கிறது. ஜப்பானில் 2,000 என்னும் கோடு செய்ததை இங்கே 1,200 என்னும் கோடு செய்தது. ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் இயந்திரங்கள் நம் சந்தைக்கு வந்ததற்கு அக்கோடும் ஒரு காரணம். பெங்களூரிலோ புனேயிலோ அத்தகைய வண்டியை வாங்கிவிட்டு, தாளில் கண்ட தூரம் சாலையில் கிட்டவில்லையே என்று வருந்தும் நம்மவர், ஜப்பானியர் முன்பே கற்ற பாடத்தைத்தான் மீண்டும் கற்கின்றனர்.

அப்பாடம் யாது? அதே 2015-ஆம் ஆண்டு வண்டி நகரத்தில் லிட்டருக்கு 8.9 கிலோமீட்டரும் நெடுஞ்சாலையில் 11.9 கிலோமீட்டரும் செல்லும் என்று அதே கணக்குக் கூறுகிறது. வண்டி ஒன்றே, பெட்ரோல் ஒன்றே, ஓடும் முறை வேறு. குளிர்ந்த இயந்திரத்தை உடனே விரட்டாமல் இருத்தல், வேகம் கூடுவதற்கு முன்பே அடுத்த கியருக்கு மாறுதல், நின்ற இடத்தில் இயந்திரத்தை ஓடவிடாமை, சக்கரக் காற்றின் அளவைக் காத்தல், முன்னே சிவப்பு விளக்கைக் கண்டால் விசையிலிருந்து காலை எடுத்துவிடல் ஆகியவை எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும் அறிவுரைகளே. ஆயினும் டர்போ வண்டிக்கு இவை இருமடங்கு பொருந்தும். ஏனெனில் மற்ற வண்டியில் கால் செய்யும் தவறு சிறிது. இங்கே அத்தவறைத் துருத்தி பெருக்கிக் காட்டும். பழைய ஜப்பானிய விரைவு வண்டிகள் பலவற்றில் துருத்தியின் அழுத்தத்தைக் காட்டும் முள் ஒன்றை ஓட்டுநர் கண்முன்னே பொருத்தியிருந்தனர். ஆற்றலின் பெருமையைக் காட்டுவதற்கென்று வைத்த அந்த முள், உண்மையில் செலவின் அளவையும் காட்டிக்கொண்டிருந்தது.

டர்போ சிக்கனக் கருவியா, செலவுக் கருவியா என்று தொடக்கத்தில் கேட்டோம். அது இரண்டும் அன்று, அது துருத்தி. வரிச்சட்டம் அதை வீட்டுக்குள் கொண்டுவரலாம். பொறியாளர் அதைத் திருத்தி அமைக்கலாம். சோதனைக்கூடம் அதற்கு நற்சான்றும் வழங்கலாம். ஆனால் உலையில் எவ்வளவு கரி எரியவேண்டும் என்பதைத் துருத்தி தானே முடிவு செய்வதில்லை. அதை இயக்கும் கொல்லனே முடிவு செய்கிறான். நாள்தோறும் காலையில் வண்டியில் ஏறி அமரும் நாம் அனைவரும் அவ்வகையில் கொல்லர்களே.